நிமிஷத்துக்கு ஐம்பத்தெட்டு

ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, அவ்வளவுதான், நொடிமுள் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது, ஐம்பத்தெட்டோடு நின்றுபோனது, இல்லை, நின்றுபோனது என்று சொல்ல வேண்டாம், இந்த நேரத்தில் அந்த வார்த்தையே வேண்டாம், எண்ணிக்கை முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஐம்பத்தெட்டு. வலது கை விரல் இரண்டு இடது மணிக்கட்டில், கண் மேஜைமேல் கிடக்கும் வாட்சில், வாய் மட்டும் ஊமை மாதிரி அசைந்துகொண்டிருக்கிறது. டாக்டர் சொன்னது அறுபது. இடது தோளுக்குக் கீழே, சட்டைப் பைக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில் பேஸ்மேக்கரை வைத்துத் தைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: ஐயா, உங்க ஹார்ட் தானா வேகமா அடிச்சா இது கம்முனு இருக்கும், சோம்பேறித்தனம் பண்ணி இறங்குச்சுன்னா அறுபதுல பிடிச்சு நிறுத்தும், அறுபதுக்குக் கீழே விடவே விடாது. என் வீட்டுக்காரி துளசிமணியும் பக்கத்தில் நின்று கேட்டாள். நான் சும்மா இருக்கக்கூடாதா? டாக்டர், என்ற வாட்சுக்கு நிமிஷத்துக்கு முந்நூறு அடி, இதுக்கு வெறும் அறுபதுதானா, ரொம்ப மட்டமான மெஷினாட்ட இருக்குதே என்றேன். அவர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன். இப்போது சிரிக்க ஆளில்லை. அறுபதுக்குக் கீழே விடவே விடாத மெஷின் ஐம்பத்தெட்டுக்கு விட்டுவிட்டது என்றால் மெஷின் செத்துவிட்டது, மெஷின் செத்துவிட்டது என்றால் எனக்கு இன்னும் எவ்வளவு நேரம். அல்லது வாட்ச் முந்துகிறது. வாட்ச் நிமிஷத்துக்கு இரண்டு நொடி முந்தினால் அதன் நிமிஷம் குட்டை, குட்டை நிமிஷத்துக்குள் அறுபது அடிக்குப் பதிலாக ஐம்பத்தெட்டுதான் அடங்கும். இரண்டில் ஒன்று. நெஞ்சு பிந்துகிறது, அல்லது வாட்ச் முந்துகிறது. முருகா, வாட்சாக இருக்கட்டும். இந்த வாட்சோடு வாழ்ந்த ஐம்பது வருஷத்தில் நான் இப்படி ஒரு வேண்டுதல் வைத்ததில்லை.

எழுந்து போய்த் துளசியைக் கூப்பிடலாம். ஆனால் எழுந்தால் விழுந்துவிடுவேனோ. போன தடவை அப்படித்தான், பாத்ரூம் கதவைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது, அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரிக் கூரையில் ஓடிய ட்யூப்லைட். நடுவில் இருந்த நேரத்தை யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் பயம், வலி இல்லை, வலி வந்தால் கத்தலாம், இது கத்தரிக்கோல். இங்கேயிருந்தே கூப்பிடலாம் என்றால் சமையலறையில் கிரைண்டர் ஓடுகிறது. பத்தே காலுக்குப் போட்டாள், அரிசி இன்னும் முடியவில்லை, கல் உருளும் சத்தம் வீடு முழுக்க நிறைந்திருக்கிறது, அந்தச் சத்தத்தில் யானை பிளிறினாலும் அவளுக்குக் கேட்காது. கோயமுத்தூரில் பிறந்து, மில்லில் முப்பத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்து, ஊரில் ஓடுகிற மோட்டாரில் பாதிக்குக் கம்பிக் காயில் சுற்றியவன் (பாதி என்பது கொஞ்சம் அதிகம், ஒரு நூறு இருக்கும்), கடைசியில் ஒரு கிரைண்டர் சத்தத்துக்குப் பின்னால் யாருக்கும் கேட்காமல் போவதா. போனை எடுக்கலாம், போன் படுக்கையறையில். அதை இந்த ரூமுக்குள்ளேயே விடமாட்டேன், அதன் உறையில் காந்தம் இருக்கிறது, வாட்சுக்கு ஆகாது. வாட்சுக்கு ஆகாது என்று பார்த்தேனே ஒழிய எனக்கு ஆகாததைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. அதுதான் கதை.

நாளை ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஆறேழு கிழங்கள் பேக்கரியில் கூடுவோம், ஆளுக்கொரு பழைய சாவி வாட்ச், கோவர்த்தன் தன் டைமிங் மெஷினைக் கொண்டுவருவான். வாட்சை அதன்மேல் கிடத்தினால் டிக் டிக்கைக் கேட்டு இத்தனை நொடி முந்துகிறது, இத்தனை பிந்துகிறது என்று கோடு போட்டுக் காட்டும். என் வாட்சை இதுவரை அதில் நான் கிடத்தவிட்டதில்லை. இது மானமுள்ள வாட்ச், கண்டவன் மெஷினில் படுக்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன். சிறுவாணித் தண்ணீரில் விழுந்து மூன்று நாள் கிடந்து எடுத்தபோது அரை நொடிதான் பிந்தியிருந்தது என்றும், மில் சங்கையே இதைப் பார்த்துத்தான் ஊதினோம் என்றும், ஒருமுறை ரேடியோக்காரன் மணி சொன்னபோது தப்பு அவன் பேரில்தான் என்று எழுதிப் போட்டு அவன் மன்னிப்புக் கேட்டான் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். சங்கு ஊதியது நிஜம். சிறுவாணி, வாளித் தண்ணீர், ஒரு நிமிஷம். மன்னிப்பு இன்னும் வரவேண்டும். போன வாரம் கோவர்த்தன், அண்ணா, நாளு பார்த்து நாழிகை பார்த்து வர்ற ஞாயித்துக்கிழமை வெச்சிக்கலாங்களா, உங்க வாட்சுக்குச் சீமந்தம் என்றான். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். வெச்சிக்கலாண்டா, பொறக்கப்போறதுக்கு நீ மாமன் சீர் கொண்டா என்றேன். வாய். இந்த வாயைத்தான் ஆபரேஷன் பண்ணியிருக்க வேண்டும்.

மெய்யாகவே அது நல்ல வாட்ச், அதையும் சொல்லவேண்டும். ராத்திரி முகத்தை மேலே வைத்துப் படுக்கப்போட்டால் மூன்று நொடி முந்தும், சாவி கீழே இருக்கும்படி நிறுத்திவைத்தால் நான்கு நொடி பிந்தும், பகலில் கையில் கட்டினால் ஒன்றிரண்டு முந்தும். அதனால் இன்றைக்கு முந்தினதை நாளைக்கு நிறுத்திவைத்துச் சரிக்கட்டுவேன், அதற்கு ஒரு நோட்டு, எந்த ராத்திரி எப்படிப் படுத்தது என்று. துளசி கேட்பாள், என்னை எந்தப் பக்கம் படுக்கவெச்சா நேரா இருப்பேன்னு அதுல எழுதியிருக்குதுங்களா என்று. இப்போது நானும் அப்படித்தான், இடது பக்கம் திரும்பிப் படுக்காதே, இடது கையைத் தோளுக்குமேல் தூக்காதே, மல்லாந்தே கிட, முகம் மேலே. நான் எத்தனை முந்துகிறேன், எத்தனை பிந்துகிறேன்? ஐம்பத்தொன்பது, இல்லை, இது எண்ணிக்கை இல்லை, சும்மா விரல் வைத்திருக்கிறேன், அடிக்கிறது, அடிக்கிறது, அடி... அடிக்கிறது. அந்த ஒன்று தாமதமா? தாமதம் போலத்தான் இருந்தது. காதில் கிரைண்டர் கல் உருளும் சத்தம், அதற்கும் இதற்கும் குழம்புகிறது.

இன்று காலை பார்த்தால் வாட்ச் பதினொரு நொடி முந்தியிருந்தது, ஒரே ராத்திரியில். திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனேன், ஊசி ஆடியது, காந்தம் ஏறியிருக்கிறது. நேற்று ராத்திரி துளசி போனை இதன்மேலேயே வைத்துவிட்டாள். வாட்சுக்குள்ளே தலைமுடி மாதிரி ஒரு சுருள்வில் இருக்கிறது, அது சுருங்கி விரிகிற கணக்கில்தான் நேரமே ஓடுகிறது, காந்தம் ஏறினால் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும், வில் குட்டையானதுபோல் ஆகும், வாட்ச் பறக்கும். காந்தத்தை இறக்குவதற்குக் கடையில் கையடக்கமாக ஒரு பெட்டி விற்கிறான். நான் வாங்குவேனா? பழைய மோட்டார்க் கம்பியை எடுத்து நானே ஒரு காயில் சுற்றினேன், தேங்காய் அளவுக்கு, இதை வைத்து ரயிலுக்கே காந்தம் இறக்கலாம் என்று கோவர்த்தனிடம் அளந்தேன். இறக்குகிற முறை சின்ன விஷயம்: வாட்சைக் காயிலுக்குள் பிடித்துக்கொண்டு சுவிட்சை அழுத்து, அழுத்தியபடியே வாட்சை மெல்ல மெல்ல வெளியே இழு, ஒரு முழம் வந்த பிறகுதான் சுவிட்சை விடவேண்டும். உள்ளே இருக்கும்போதே சுவிட்சை விட்டால் போச்சு, இருந்த காந்தம் இறங்காது, இருந்ததைப்போல் பத்து மடங்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும், அதனால்தான் யோசிக்காமல் செய்தேன். காயிலை இரண்டு முழங்கைக்கும் நடுவே மேஜை விளிம்பில் வைத்தேன். நெஞ்சைக் கொண்டுபோய் அதன்மேல் சாய்த்தேன், கண் தெரியவில்லை, குனியத்தானே வேண்டும். சுவிட்சை அழுத்தினேன், காயில் உறுமியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. டாக்டர் கொடுத்த தாளில் வரிசையாக எழுதியிருந்தது, வெல்டிங் பக்கம் போகாதே, ஓடுகிற மோட்டார்மேல் சாயாதே, பெரிய காந்தம் கூடாது. காயிலுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் என் நெஞ்சு. தொண்டைக்குக் கீழே ஏதோ மீன் துள்ளினதுபோல் ஒன்று. துள்ளியதா, பயத்தில் எனக்குத்தான் அப்படி இருந்ததா? கையை உதறி, நாற்காலியோடு பின்னால் வந்து விழாத குறை.

உதறினேன், சரி. எதை முதலில் விட்டேன்? அதைத்தான் அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சுவிட்சை விட்டபோது வாட்ச் எங்கே இருந்தது? காயிலுக்குள் இருந்திருந்தால் அதற்குள் காந்தம் தாறுமாறாக ஏறியிருக்கும், வாட்ச் முந்துகிறது, நெஞ்சு அறுபதுதான், நான் பிழைத்தேன். வாட்ச் வெளியே வந்த பிறகு சுவிட்சை விட்டிருந்தால் காந்தம் சுத்தமாக இறங்கியிருக்கும், வாட்ச் சரி, ஐம்பத்தெட்டும் சரி. திசைகாட்டியைப் பார்க்கலாமே என்றால், உதறியபோது அது காயில்மேலேயே விழுந்து கிடந்தது, இப்போது வடக்கு எங்கே என்று கேட்டால் சமையலறையைக் காட்டுகிறது. டிராயரில் இன்னும் பதினொரு வாட்ச் இருக்கிறது, ஒன்றுக்குச் சாவி கொடுத்து ஒத்துப்பார்க்கலாம், ஆனால் அந்த டிராயர் காயிலுக்கு நேர் கீழே. பதினொரு சாட்சியையும் ஒரே அமுக்கில் விலைக்கு வாங்கிவிட்டேன். ஞாபகம்தான் பாக்கி. ஞாபகத்தைக் கேட்டால் அது முதலில் சொல்கிறது, வாட்ச் உள்ளேதான் இருந்தது, டங்கென்று காயிலில் மோதிற்றே. மோதிற்றா? மோதினதாக நான் விரும்புகிறேனா? ஒன்றைப் பத்துப் பேரிடம் பத்து விதமாகச் சொல்லிப் பழகினவனுக்கு இதுதான் தண்டனை, உள்ளே போய்க் கேட்டால் எல்லாக் கதையும் கையைத் தூக்குகிறது, எல்லாம் ஒரே முகத்தோடு. சிறுவாணியில் முங்கி எடுத்த குளிர்கூட எனக்கு விரலில் ஞாபகம் இருக்கிறது, நடக்கவே நடக்காத குளிர்.

காந்தத்துக்கு மயங்காத கடிகாரம் ஒன்று உண்டே. ஒரு மீட்டர் நூல், நுனியில் ஒரு பித்தளை நட்டு, ஆட்டிவிட்டால் போக ஒரு நொடி, வர ஒரு நொடி. டேப் கையெட்டும் தூரத்தில் இருந்தது, நூலும் இருந்தது. மேஜை விளக்கின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டேன், நட்டு ஆடியது, அழகாகத்தான் ஆடியது. நாடியையும் ஆட்டத்தையும் சேர்த்து எண்ணப் பார்த்தேன். இருபது வரைக்கும் வந்தது, பிறகு எந்த இருபது யாருடைய இருபது என்று கலைந்துவிட்டது. ஒரு மனசு இரண்டு பேரை எண்ணாது. சரி, வாட்சுக்கும் ஆட்டத்துக்கும் மட்டும் பார்ப்போம் என்றால், ஒரு நிமிஷத்துக்கு ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டும் இல்லை, அறுபதும் இல்லை. முடிச்சு இருக்கும் இடத்திலிருந்து அளப்பதா, விளக்குக் கழுத்தின் மேலிருந்து அளப்பதா, நட்டின் நடு வரைக்கா, அடி வரைக்கா. ஒரு விரற்கடை நூலில் என் உயிர் தொங்குகிறது என்று நினைத்தேன், உடனே இதைப் பேக்கரியில் எப்படிச் சொல்லலாம் என்றும் ஒரு ஓரத்தில் நினைத்தேன், அப்படி நினைத்ததற்காகப் பயந்தேன், சாமி கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைக்கும். உள்ளங்கை வேர்க்கிறது. இடது கை விரல் நுனி மரத்துப்போகிறதா, அழுத்திப் பிடித்ததாலா. நாக்கில் செம்புக் காசு ருசி. அறுபது வினாடிக்கு அறுபது அடி, அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை, வாட்ச் எக்கேடோ கெட்டுப் போகட்டும், நாளை கோவர்த்தன் கிடத்தட்டும், கோடு கூரை வரைக்கும் ஏறட்டும், எல்லாக் கிழமும் சிரிக்கட்டும், நான் அங்கே உட்கார்ந்து சிரிப்பு வாங்கவாவது இருக்கவேண்டும்.

கிரைண்டர் நின்றது. வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. வாட்சின் சத்தம் எனக்கே கேட்டது.

"துளசி" என்றேன். குரல் வந்தது, அதுவே ஆச்சரியம்.

மாவுக் கையோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள். "ஏனுங்க, வெளக்குக்குத் தூக்குப் போட்டு வெச்சிருக்கறீங்க?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க இப்பிடி வேத்துக் கெடக்குது?"

"காயிலைப் போட்டுட்டேன் அம்மிணி. நெஞ்சுக்குப் பக்கத்துல. மறந்துட்டேன்."

"எந்தக் காயிலு? அந்த ரயிலுக்குக் காந்தம் எறக்கறதா?" அவள் உதட்டோரத்தில் சிரிப்பு ஏறி, பாதியில் நின்றது. "வெளையாடறீங்களா? வெளையாட்டுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. மாவு புளிக்குது."

"நாடி ஐம்பத்தெட்டு வருது."

அவள் கையை முந்தானையில் துடைத்தாள், சரியாகத் துடைக்கவில்லை, என் மணிக்கட்டில் மாவு பட்டது, ஜில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு விரலை வைத்து, மேஜைமேல் இருந்த என் வாட்சைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். வாய்விட்டே எண்ணினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. நிறுத்தினாள்.

"இதுல வேண்டாம், உன்ற போனைக் கொண்டா, போன்ல நொடி ஓடும், அதைப் பார்த்து எண்ணு" என்றேன். ஓடினாள், ஓடி வந்தாள். போனை என்னிடமிருந்து எட்டவே பிடித்துக்கொண்டாள், தாளில் இருந்தது அவளுக்கு மறக்கவில்லை. மறுபடி எண்ணினாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வாயைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.

"அறுபது!" என்று கத்தினேன். "பாத்தியா? வாட்சுதான் முந்துது! வாட்சுதான் கெட்டுப்போச்சு! சுவிட்சை விடறப்ப உள்ளேதான் இருந்திருக்குது!" என் வாட்ச் கெட்டுப்போனதற்கு நானே குதித்துக்கொண்டிருந்தேன், குதிக்கிற அளவுக்கு நெஞ்சு இடம் கொடுக்கிறதே என்று இன்னும் குதித்தேன்.

அவள் குதிக்கவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நேத்தே ரெண்டு வாட்டி அப்பிடியே நின்னுபோச்சுங்க" என்றாள். "போன்தான் தப்பா இருக்கும்."

"போன் எப்பிடித் தப்பாகும்?"

"பின்னே உங்க வாட்ச் எப்பிடித் தப்பாகும்?"

அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். ஒரு பொட்டு இல்லை. "சிறுவாணி, ரேடியோக்காரன், அதெல்லாம் உங்க வாய் பண்றதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஆனா கலியாணம் ஆன நாள்ல இருந்து காலைல ரேடியோல பீப் அடிக்கறப்ப நானே பாக்கறேன், ஒரு நாளாவது உங்க முள்ளு தள்ளி நின்னிருக்குதா? அது ஒண்ணுதானுங்க நெசம்னு இந்த வீட்டுல நான் நம்பறது."

"அம்மிணி" என்றேன், "தெனமும் நீ வாசல் தெளிக்கப் போறப்ப நான் போன்ல பாத்துத் திருத்தி வெச்சிருவேன். செல்போன் வர்றதுக்கு முன்னாடி மில்லுக்குப் போன் போட்டுக் கேட்டுத் திருத்துவேன். ராத்திரி முழுக்க அது முந்தும், பிந்தும், எல்லாம் பண்ணும்."

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள், மெதுவாக, பிள்ளைக்குச் சொல்கிறாற்போல: "ஆஸ்பத்திரிக்கு வரப் பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லுங்க. அதுக்காக இத்தன வருசத்தைப் பொய்யாக்காதீங்க."

ஆட்டோ வந்துவிட்டது. மாவு கிரைண்டரிலேயே கிடக்கிறது, கதவைப் பூட்டினாளா என்று எனக்குத் தெரியாது, படி இறங்கும்போது என் தோளைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை. வாட்சைத் தன் கையில் கட்டிக்கொண்டாள், வார் பெரிது, முழங்கை வரைக்கும் ஏற்றி இறுக்கியிருக்கிறாள். போகப் போக எண்ணுகிறாள். காந்திபுரம் சிக்னலில் ஐம்பத்தெட்டு. மேம்பாலத்துக்குக் கீழே ஐம்பத்தெட்டு. வாட்சைக் குலுக்குகிற ஆட்டோவில் அது முந்துகிறது என்று எனக்குத் தெரியும், போனில் பார்த்தேன், அறுபது, போன் தப்பாகாது, நேற்று நின்றது வேறு விஷயம், நின்றது நின்றதுதானா, எண்ணும்போது நின்றிருந்தால், இல்லை, அறுபது, அறுபதுதான். ஆனால் அவளுக்கு ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு நிமிஷமும் ஐம்பத்தெட்டாவதில் அவள் உதடு நின்றுவிடுகிறது, நின்ற உதட்டோடு என் முகத்தைப் பார்க்கிறாள், இருக்கிறேனா என்று. காலையிலிருந்து என் நெஞ்சுக்குள் கிடந்தது அப்படியே எழுந்து போய் அவள் கண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அறுபத்தெட்டு வயது, காதோரம் மாவு, ரப்பர் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. இன்னும் மூன்று சிக்னல் இருக்கிறது. அதுவரைக்கும் இவள் மூன்று தடவை, நான்கு தடவை ஐம்பத்தெட்டில் வந்து நிற்பாள். என்னால் அதைப் பார்க்க முடியாது.

"ஐம்பத்தேழு" என்றாள். "ஐம்பத்தெட்டு." நின்றாள்.

"அறுபது, அம்மிணி" என்றேன். "நடுவுல பள்ளத்துல எறங்கறப்ப ரெண்டை விட்டுட்டே. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"நெசமாவா?"

"உன்ற மேல சத்தியமா."

அவள் விரலை எடுத்து, புடவையில் துடைத்து, மறுபடி சரியான இடம் பார்த்து வைத்தாள். "அப்ப இருங்க" என்றாள், "மொதல்ல இருந்து எண்ணறேன்."